அணு உலைப் பாதுகாப்பு ஆய்வு: யார் காசில்?

மின்கணக்கன்: 2025 பட்ஜெட்டில் சிறிய அணு உலைகளை உருவாக்க 20,000 கோடி ரூபாய் அறிவித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் வந்த அணுசக்திச் சட்டம் தனியாருக்கும் கதவைத் திறந்துவிட்டது. லாபம் பார்க்கப் போகிறவர்கள்தானே பாதுகாப்பு ஆய்வுக்கும் செலவழிக்க வேண்டும்? அதையும் ஏன் மக்கள் வரிப்பணத்தில் கட்ட வேண்டும்?

கடலோரத்தான்: கம்பெனி தன் காசில் எதைத் தேடும்? உலையை நிறுத்தாமல் எத்தனை நாள் ஓட்டலாம் என்றுதான் தேடும். எங்கே உடையும் என்று தோண்டிப் பார்க்க அதற்கு என்ன தலையெழுத்து? அமெரிக்காவில் 1975-ல் வந்த ராஸ்முசன் அறிக்கை, அணு உலை விபத்து அபாயத்தைக் கணக்கிட அரசுப் பணத்தில் நடந்த ஆய்வு. பெரிய குழாய் உடைவதை நினைத்தே எல்லோரும் பயந்துகொண்டிருந்தபோது, சின்னக் கசிவையும் மனிதத் தவறையும் பாருங்கள் என்று அது சொன்னது. 1979 மார்ச்சில் அங்கேயே திரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் நடந்தது அதேதான். திறந்த வால்வு மூடிக்கொள்ளவில்லை. தண்ணீர் அதிகமாக இருக்கிறது என்று நினைத்த ஆபரேட்டர்கள் அவசரக் குளிர்விப்பு நீரைக் குறைத்தார்கள். எரிபொருளில் ஏறக்குறைய பாதி உருகிவிட்டது.

மின்கணக்கன்: நல்ல உதாரணம், ஆனால் எனக்குத்தான் சாதகம். அந்த விபத்துக்கு இரண்டு மாதம் முன்னால்தான் அந்த அறிக்கையின் சுருக்கத்துக்குத் தந்த ஆதரவை அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையமே விலக்கிக்கொண்டது. அரசு காசு கொடுத்தால் மட்டும் யாராவது கேட்டுவிடுவார்களா?

செங்கல்பட்டான்: இரண்டு பேரும் பணப்பையைப் பற்றியே பேசுகிறீர்கள், அதன் வாயைக் கட்டும் கயிறு யார் கையில்? கல்பாக்கத்தில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தை 1999-ல் தொடங்கியது நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். அந்த வாரியமோ அணுசக்தி ஆணையத்துக்குக் கட்டுப்பட்டதாகவே இருந்துவந்தது. ஆணையத்தின் தலைவர்தான் அணுசக்தித் துறைச் செயலாளர். உலைகளை நடத்தும் கழகமும் அதே துறையில்தான். மாமியார் வீட்டுக் கணக்கை மருமகள் தணிக்கை செய்த கதை. வாரியத்துக்குப் போதிய சுதந்திரம் இல்லை என்று 2012-லேயே தலைமைத் தணிக்கையாளர் குறை சொன்னார். புதுச் சட்டம் வாரியத்துக்குத் தனி அந்தஸ்து கொடுத்திருக்கிறது, சரி. ஆய்வுக்கான பணம்?

மின்கணக்கன்: அமெரிக்க ஆணையம் தன் செலவில் பெரும்பகுதியை உலை நடத்துகிறவர்களிடம் கட்டணமாக வாங்குகிறது. எதை ஆராய்வது என்று முடிவு செய்வது ஆணையம். அதையே இங்கே செய்யலாமே.

கடலோரத்தான்: செய்யுங்கள், ஆனால் அது போதாது. 2004 சுனாமியில் கல்பாக்கம் பம்ப் ஹவுஸுக்குள் கடல்நீர் புகுந்து, ஓடிக்கொண்டிருந்த உலையை நிறுத்த வேண்டிவந்தது. வங்கக்கடலில் அடுத்த அலை எவ்வளவு உயரம் வரும் என்று கணக்கிட எந்தக் கம்பெனி வரும்? அந்தக் கணக்கு உலைக்கு மட்டுமா, எங்கள் குப்பத்துக்கும்தானே. அதை அரசுதான் செய்ய வேண்டும்.

மின்கணக்கன்: சரி, கடல் கணக்கை அரசிடமே விட்டுவிடுகிறேன். குழாய், வால்வு, எரிபொருள்?

செங்கல்பட்டான்: ஆயுள் முடிந்த உலையைக் கலைப்பதற்கென்று யூனிட்டுக்கு 2 பைசா ஏற்கெனவே மின்கட்டணத்தில் சேர்க்கிறார்கள். இதற்கும் ஒரு பைசா வையுங்கள். ஆனால் அந்தப் பணம் துறைக்குப் போகாமல் நேராக வாரியத்துக்குப் போக வேண்டும்.

கடலோரத்தான்: ஆய்வின் முடிவு தமிழிலும் வெளிவருமென்றால் அந்த ஒரு பைசாவுக்கு நானும் சம்மதம்.