அயலகத் தமிழர் முதலீடு: மாநில அரசின் கையில் எது இருக்கிறது, எது இல்லை?

கரைவழி (கேள்வி):
வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் 40 பேர் சேர்ந்து தமிழ்நாட்டில் தேங்காய் எண்ணெய் ஆலை தொடங்க நினைக்கிறார்கள். பெரும்பாலோர் இந்தியக் குடிமக்கள், சிலர் ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருப்பவர்கள், இரண்டு பேர் எந்த அட்டையும் இல்லாத வெளிநாட்டுக் குடிமக்கள். ஜனவரி 12 அயலகத் தமிழர் தினம், உலக முதலீட்டாளர் மாநாடு என்று அழைப்புகள் வருகின்றன. மேடையில் சொல்வதில் எதை நம்பித் திட்டம் போடலாம்? பணத்தை எப்படி அனுப்புவது, பின்னால் எப்படி எடுப்பது? கூடவே ஒரு தென்னந்தோப்பும் வாங்க முடியுமா?

செலாவணி மேசை (பதில்):
நிலம், கட்டட அனுமதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, மின் இணைப்பு, மூலதன மானியம் இவ்வளவும் மாநிலத்தின் கையில். பணம் நாட்டுக்குள் வருவது, வெளியே போவது, கம்பெனிச் சட்டம், வருமான வரி எல்லாம் டெல்லியின் கையில். யார் வாக்குக் கொடுத்தாலும் ஃபெமா (அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம்) விதியில் ஒரு வரி மாறாது. 2024 மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்குப் புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. அவை விருப்பத்தைச் சொல்லும் தாள்கள்தான். எந்தப் பக்கத்தையும் கட்டுப்படுத்தாது.

தோப்பு முடியாது. விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றையும் என்ஆர்ஐ (வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமக்கள்), ஓசிஐ விலைக்கு வாங்கக்கூடாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். கொப்பரை வாங்கி எண்ணெய் ஆட்டுவது உற்பத்தித் தொழில், அதற்குத் தடையில்லை.

முதலீட்டுக்கு இரண்டு வழி. ஒன்று, வெளிநாட்டுக்குத் திருப்பி எடுத்துச்செல்லும் உரிமையோடு போடுவது. மற்றது, அந்த உரிமை இல்லாமல் போடுவது. ஃபெமாவின் 2019 விதிகளின்படி இரண்டாவது வழியில் வரும் பணம் உள்நாட்டு முதலீடாகவே கருதப்படும். ரிசர்வ் வங்கிக்கு அறிக்கை வேண்டாம். ஆனால் பங்கை விற்றால் வரும் தொகை, என்ஆர்ஈ கணக்கிலிருந்து (தடையின்றி வெளியே அனுப்பக்கூடிய கணக்கு) போட்டிருந்தாலும், என்ஆர்ஓ கணக்குக்குத்தான் (வெளியே அனுப்ப வரம்புள்ள கணக்கு) போகும். அங்கிருந்து வரி கட்டிய பிறகு நிதியாண்டுக்கு ஆளுக்கு 10 லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். சின்ன ஆலைக்கு அந்த வரம்பு தாராளம். ஆகவே என்ஆர்ஐ, ஓசிஐ எல்லாரும் இரண்டாவது வழியில் போவதே நல்லது என்பது என் கருத்து.

அட்டை இல்லாத இருவருக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர்கள் போடுவது நேரடி அந்நிய முதலீடு. பணம் வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும், ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கியின் ஃபிர்ம்ஸ் தளத்தில் எஃப்சி-ஜிபிஆர் (பங்கு ஒதுக்கியதைத் தெரிவிக்கும்) படிவம் போட வேண்டும், ஆண்டுதோறும் ஜூலை 15க்குள் எஃப்எல்ஏ (வெளிநாட்டுக் கடன்பாடு, சொத்து) அறிக்கை. மதிப்பீட்டுச் சான்றில் உள்ள விலைக்குக் கீழே பங்கு கொடுக்க முடியாது. கம்பெனி பதிவாகும்போதே சாசனத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும் முகமதிப்பில் தரலாம். அதனால் இந்த இருவரையும் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

அதிகம் கெட்டுப்போகும் இடம் வேறு. 40 பேரின் பணத்தை ஒருவர் தன் கணக்கில் திரட்டி மொத்தமாக அனுப்புவார். பணம் வந்ததற்கான வங்கிச் சான்றில் அவர் பெயர் மட்டும்தான் இருக்கும், பங்குப் பதிவேட்டில் 40 பெயர். வங்கி படிவத்தைத் திருப்பி அனுப்பும், கெடு தாண்டும், தாமதக் கட்டணம் ஏறும். அவரவர் தம் கணக்கிலிருந்து, கம்பெனி இதற்கென்றே தொடங்கிய தனிக் கணக்குக்கு அனுப்ப வேண்டும். கம்பெனிச் சட்டமும் 60 நாள் கெடுதான் வைக்கிறது. தாண்டினால் 15 நாளில் பணத்தைத் திருப்ப வேண்டும், தவறினால் 12 சதவீத வட்டி.

கொச்சிக் கணக்கு (பதில்):
மேலே சொன்னதோடு ஒன்று. அரசே கடன் பத்திரம் வெளியிடட்டும், நாங்கள் வாங்குகிறோம் என்று பலர் கேட்கிறார்கள். அரசியலமைப்பின் 293ஆம் பிரிவு மாநிலங்களுக்கு இந்திய எல்லைக்குள் கடன் வாங்க மட்டுமே அதிகாரம் தருகிறது. அதனால்தான் கேரளம் கிஃப்பி (உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியம்) என்ற தனி அமைப்பின் வழியாக 2019இல் 2,150 கோடி ரூபாய் மசாலா பத்திரம் (வெளிநாட்டில் ரூபாய் மதிப்பில் விற்கும் கடன் பத்திரம்) வெளியிட்டது. அதுவும் மாநிலத்தின் கடன்தானே என்று தணிக்கைத் துறை ஆட்சேபம் எழுப்பியது. அதே ஆண்டு கேரளம் வெளிநாட்டு மலையாளிகளுக்காகக் கொண்டுவந்த பிரவாசி டிவிடெண்ட் திட்டத்தில் 3 லட்சம் முதல் 51 லட்சம் ரூபாய் வரை போடலாம், ஆண்டுக்கு 10 சதவீதம் கிடைக்கும் என்று அறிவித்தார்கள். பெயர் டிவிடெண்ட் என்றாலும் அது பங்கு இல்லை, வாழ்நாள் ஓய்வூதியம் மாதிரியான ஏற்பாடு.

உண்மையான பங்கு வேண்டுமென்றால் பார்க்க வேண்டியது கொச்சி விமான நிலையம். 1994இல் கம்பெனியாகப் பதிவாகி 1999இல் விமானம் இறங்கியது. மாநில அரசும் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மலையாளிகளும் ஒரே பதிவேட்டில் பங்குதாரர்கள். அரசு தன் பணத்தையும் போட்டு உடன் நின்றது, கணக்கு ஆண்டுதோறும் வெளிவந்தது. அழைப்பிதழைவிட இந்த இரண்டும்தான் பணத்தை வரவழைக்கும்.

வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கத்தின் வழியாகப் பங்கு விற்கும் எண்ணம் இருந்தால் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். எத்தியோப்பிய மின் நிறுவனம் அமெரிக்காவில் தன் மக்களிடம் பதிவு செய்யாமல் அணைப் பத்திரம் விற்றதற்காக 2016இல் சுமார் 65 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. வாட்சப் குழுவில் ‘முதலீடு செய்ய வாருங்கள்’ என்று போடுவதும் பொது அழைப்பாகக் கருதப்படலாம்.

கரைவழி:
நன்றி. மானியத்தைத் திட்டச் செலவில் வரவாகக் காட்டலாமா? ஊரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்தால் போதுமா?

ஆலை நிலம் (பதில்):
மானியத்தைக் காட்டாதீர்கள். இயந்திரம் வாங்கி உற்பத்தி தொடங்கிய பிறகுதான் விண்ணப்பமே போகும், பணம் அரசு நிதி ஒதுக்கியபோதுதான் வரும். அது வராவிட்டாலும் ஆலை ஓடும்படி கணக்குப் போடுங்கள். எண்ணெய் ஆலையில் பணம் முடங்குவது கொப்பரையில். இயந்திரச் செலவை மட்டும் பார்த்துவிட்டு நடைமுறை மூலதனத்தைக் குறைத்துவிட்டால் முதல் விலையேற்றத்திலேயே ஆலை நிற்கும்.

நிலம் மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனங்களான சிட்கோ அல்லது சிப்காட் தரும் மனையாக இருந்தால் நிலப் பயன்பாட்டு மாற்றம், பாதை வழக்கு போன்ற தொல்லைகள் இல்லை. மாசு வாரியத்தில் கட்டுவதற்கு முன் ஒரு இசைவு, ஓட்டுவதற்கு முன் இன்னொன்று. இரண்டுக்கும் ஒற்றைச் சாளரத் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

அதிகாரப் பத்திரத்தை இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்புங்கள். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். தவறவிட்டால் சார்பதிவாளர் ஏற்க மாட்டார். பொது அதிகாரம் வேண்டாம். மனை ஒப்பந்தம், மின் இணைப்பு, இசைவு விண்ணப்பம் என்று வேலைகளைப் பெயர் சொல்லி எழுதுங்கள். வங்கிக் கணக்கை அதில் சேர்க்காமல், இயக்குநர்களில் இருவர் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று கம்பெனித் தீர்மானம் போட்டுவிடுங்கள். இயக்குநர்களில் ஒருவராவது அந்த நிதியாண்டில் 182 நாளாவது இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும் என்பது சட்டம். அது யார் என்பதைப் பதிவுக்கு முன்பே முடிவு செய்யுங்கள்.