மளை, கோளி, னாய்: மகளின் எழுத்துப்பிழையை எப்படித் திருத்துவது?

ராமமூர்த்திநகர் அம்மா:
பெங்களூரில் இருக்கிறோம். மகள் மூன்றாம் வகுப்பு. பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும்தான், தமிழ் வீட்டில் நான் சொல்லித் தருவது. வாசிக்கிறாள். சொல்வதை எழுதச் சொன்னால் மளை, கோளி, னாய், வன்டி, முயற்ச்சி என்று வருகிறது. தப்பானதைப் பத்துத் தடவை எழுத வை என்கிறார் மாமியார். பத்தையும் தப்பாகவே எழுதி வைக்கிறாள்! கன்னடம்தான் குழப்புகிறதா?

மதுரைக்காரன், கே.ஆர்.புரம்:
கன்னடத்தை ஏன் இழுக்கிறீர்கள் அக்கா? எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது வாளப்பளம்தான். பையனும் அப்படியே எழுதுகிறான்.

தமிழ் வாத்தியார் (ஓய்வு), ஹலசூரு:
அம்மா, இம்போசிஷனை முதலில் நிறுத்துங்கள். இந்தப் பிழைகள் எல்லாம் ஒரே வகை இல்லை.

'வன்டி' கன்னடப் பழக்கம். அங்கே வண்டிக்கு 'பண்டி' என்று பெயர், அதை எழுத நடுவில் ஒரு சொன்னெ, அதாவது சின்ன வட்டம், வைத்தால் முடிந்தது. பின்னால் த வந்தாலும் ட வந்தாலும் அதே வட்டம்தான். எந்த 'ன' என்று குழந்தை யோசிக்க வேண்டிய வேலையே இல்லை. தமிழில் யோசிக்க வேண்டும், ஆனால் வழி சுலபம்: த-வுக்கு முன்னால் ந், ட-வுக்கு முன்னால் ண், ற-வுக்கு முன்னால் ன். பந்து, வண்டி, கன்று. இரண்டு சுழி, மூன்று சுழி என்று சொல்லித் தராமல் தந்நகரம், டண்ணகரம், றன்னகரம் என்றே பழக்குங்கள், பெயரிலேயே விதி இருக்கிறது. சொல்லின் முதலில் ந மட்டும்தான் வரும், 'னாய்' அதோடு தீர்ந்தது.

'முயற்ச்சி'க்குக் கன்னடம் பொறுப்பில்லை, பெரியவர்களே அப்படித்தான் எழுதுகிறார்கள். ற், ட் இரண்டுக்கும் அடுத்து இன்னொரு ஒற்று வராது. முயற்சி, கட்சி.

ழ-தான் கஷ்டம். பழங்கன்னடத்தில் அதற்குத் தனி எழுத்து இருந்தது, பிறகு ள-வோடு கலந்துவிட்டது. மழை அங்கே மளெ, ஏழு ஏளு, கோழி கோளி. ஆகவே அவள் காதுக்கு மளை சரியாகத்தான் கேட்கும். நோட்டை மூடி வைத்துவிட்டு வாயைப் பழக்குங்கள். நாக்கு மேலண்ணத்தைத் தொட்டால் ள, பின்னால் வளைந்து தொடாமல் நின்றால் ழ. நீங்கள் சொல்லச் சொல்ல, ழ கேட்டால் அவள் கை தூக்கட்டும். எழுத்து அப்புறம்.

ராமமூர்த்திநகர் அம்மா:
ரொம்ப நன்றி ஐயா. கரி, கறி இரண்டுக்கும் ஏதாவது விதி உண்டா?

தமிழ் வாத்தியார் (ஓய்வு), ஹலசூரு:
கிடையாது. இரட்டித்து வந்தால் ற-தான், காற்று, நேற்று மாதிரி. ர இரட்டிக்காது. மற்றபடி பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டன, படித்துப் படித்துக் கண்ணில் பதிய வேண்டியதுதான். இந்த வயதில் அதற்கு மார்க் குறைக்காதீர்கள்.

ராமமூர்த்திநகர் அம்மா:
இன்று நண்டு, பந்து, வண்டி, கன்று கொடுத்தேன், நான்கும் சரி! ழ-வுக்கு அவள் அப்பாவையும் கூட உட்கார வைக்க வேண்டும் ஐயா. அவரும் மதுரைதான்.