ஹோஸ்டிங் மாற்றிய பிறகு ஆடிட்டரின் மின்னஞ்சல் மட்டும் வருவதில்லை: உதவி தேவை

பண்ருட்டி முந்திரி:
வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள எங்கள் முந்திரி ஏற்றுமதி அலுவலகத்தின் மின்னஞ்சல் பெட்டிகளைப் புதிய ஹோஸ்டிங் நிறுவனத்திற்கு மாற்றினோம். மற்ற எல்லாரிடமிருந்தும் மடல்கள் வருகின்றன; எங்கள் ஆடிட்டர் அனுப்புபவை மட்டும் வந்து சேர்வதில்லை. 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி எனும் ஜிஎஸ்டி படிவத்தைத் தாக்கல் செய்தாக வேண்டும். அவர் திருத்தி அனுப்பிய கணக்கு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. தயவுசெய்து விரைவாக வழி சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை:
இந்த அளவு விவரத்தை வைத்துக்கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது, சார். ஹோஸ்டிங்கை நிர்வகிக்க எந்தக் கட்டுப்பாட்டுப் பலகத்தைப் பயன்படுத்துகிறீர்கள்? நேம்சர்வரையும் (உங்கள் டொமைன், அதாவது இணையப் பெயரின் பதிவுகளை வைத்திருக்கும் சர்வர்) மாற்றினீர்களா, எம்எக்ஸ் பதிவை (மடல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவு) மட்டும் மாற்றினீர்களா? ஆடிட்டருக்குத் திரும்பிய மடல் ஏதேனும் வந்ததா? வந்திருந்தால் அதிலுள்ள பிழைச்செய்தியை முழுமையாக இங்கே இடுங்கள்.

நெல்லிக்குப்பம்:
பெட்டி நிரம்பியிருக்கும். புதிய பெட்டியைத் திறக்கும்போது கோட்டாவை, அதாவது இட அளவை, குறைவாக வைத்துவிடுவார்கள். ஆடிட்டர் அனுப்பும் கோப்புகளோ பெரியவை; ஆகவே அவருடையது மட்டும் உள்ளே நுழையாமல் நிற்கும். முதலில் கோட்டாவைக் கூட்டிப் பாருங்கள்.

முதுநகர் மூத்தோன்:
தம்பி, எம்எக்ஸ் என்றால் என்ன, டிடிஎல் (பழைய பதிவை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் காலம்) என்றால் என்ன என்று படித்துவிட்டு இந்த வேலையில் இறங்கியிருக்க வேண்டும். டிஎன்எஸ், அதாவது டொமைன் பதிவுகளின் மாற்றம் உலகெங்கும் பரவ 48 மணி நேரம் வரை ஆகும் என்பது பாலபாடம். ஆடிட்டரின் பக்கத்தில் இன்னும் பழைய விவரமே தங்கியிருக்கிறது. காத்திருங்கள், தானாகச் சரியாகிவிடும்.

பண்ருட்டி முந்திரி:
சிபேனல்தான். நேம்சர்வரையும் மாற்றிவிட்டோம், மாற்றி ஒரு வாரத்திற்கு மேலாகிறது. ஆடிட்டருக்கு எதுவும் திரும்பி வரவில்லையாம், போய்ச் சேர்ந்ததாகவே காட்டுகிறதாம். பெட்டியில் இடம் தாராளமாக இருக்கிறது. ஸ்பாம் கோப்புறையையும் பார்த்துவிட்டோம்.

பாகூர்:
ஐயா, ஒன்றை மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். ஆடிட்டரின் சொந்த டொமைனும் நீங்கள் விட்டு வந்த அதே பழைய நிறுவனத்தில் இருக்கிறதா? அதற்குள், உங்கள் புதிய சிபேனலில் ‘டிராக் டெலிவரி’ என்ற பகுதியைத் திறந்து அவருடைய முகவரியைத் தேடிப் பாருங்கள். மடல் உங்கள் சர்வர் வரை வந்து மறுக்கப்பட்டிருந்தால் அதன் தடம் அங்கே இருக்கும். ஒரு வரிகூட இல்லையென்றால், மடல் உங்கள் வாசலுக்கே வரவில்லை என்று பொருள்.

பண்ருட்டி முந்திரி:
டிராக் டெலிவரியில் அவர் பெயரில் ஒன்றுமே இல்லை. ஆம், அவருக்கும் அதே நிறுவனம்தான். இருவருமே ஒரே ஆள் மூலமாக வாங்கினோம்.

பாகூர்:
அப்படியானால் இது கோட்டாவும் அன்று, டிஎன்எஸ் பரவலும் அன்று. பழைய நிறுவனத்தில் உங்கள் ஹோஸ்டிங் கணக்கு இன்னும் நீக்கப்படவில்லை. பழைய சர்வர் உங்கள் டொமைனைத் தன்னுடையதாகவே கருதிக்கொண்டிருக்கிறது. அதே சர்வரிலிருந்து ஆடிட்டர் உங்களுக்கு அனுப்பும்போது, அது வெளியே போய் எம்எக்ஸ் பதிவைத் தேடுவதே இல்லை. ‘இந்த டொமைன் என்னிடம்தான் இருக்கிறது’ என்று உள்ளுக்குள்ளேயே பழைய பெட்டியில் போட்டுவிடுகிறது. பெட்டி உயிரோடு இருப்பதால் பிழை எழவில்லை, அதனால்தான் மடல் திரும்பவும் இல்லை. மற்றவர்கள் வெளியிலிருந்து எம்எக்ஸைப் பார்த்து வருவதால் அவர்களுடையது சரியாக வருகிறது. டிடிஎல் முடிந்து எத்தனை நாள் ஆனாலும் இது தானாகச் சரியாகாது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பழைய நிறுவனம் ஹோஸ்டிங் கணக்கு தொடங்கியபோது அனுப்பிய மடலில் சர்வரின் பெயர் இருக்கும். அந்தப் பெயருடன் 2096 என்ற போர்ட்டை, அதாவது வாயில் எண்ணை, சேர்த்து உலாவியில் திறந்து, முழு மின்னஞ்சல் முகவரியையும் பழைய கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே செல்லுங்கள். உங்கள் டொமைன் பெயரைக் கொடுத்தால் புதிய சர்வருக்கே போய்விடும். பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஆடிட்டர் அனுப்பிய கணக்கு அங்கே காத்திருக்கும் என்று நம்புகிறேன்.

மடல்களை எடுத்த பிறகு, பழைய சிபேனலுக்குள் இன்னும் நுழைய முடிந்தால் ‘ஈமெயில் ரவுட்டிங்’ பகுதிக்குச் சென்று ‘ரிமோட் மெயில் எக்ஸ்சேஞ்சர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். நுழைய முடியாவிட்டால், டொமைனைத் தங்கள் சர்வரிலிருந்து அகற்றுமாறு அந்த நிறுவனத்திற்கு எழுதுங்கள். புதிய சிபேனலில் மட்டும் அந்த அமைப்பைத் தொடவே வேண்டாம். அங்கே ‘லோக்கல்’ என்றுதான் இருக்க வேண்டும். அதை மாற்றினால் எல்லாருடைய மடலும் நின்றுபோகும்.

முதுநகர் மூத்தோன்:
பாகூர் சொல்வதும் நடக்கக்கூடியதே. ஆனால் அலுவலக மின்னஞ்சலைப் பகிர்வு ஹோஸ்டிங்கில் (பலர் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்வது) வைப்பதே தவறு என்று நான் பலமுறை எழுதியிருக்கிறேன், ஒருவரும் கேட்பதில்லை.

நெல்லிக்குப்பம்:
சிறிய அலுவலகங்கள் தனி மின்னஞ்சல் சேவைக்கு ஆள் ஒருவருக்கு மாதாமாதம் பணம் கட்ட இயலாமல்தான் பகிர்வு ஹோஸ்டிங்கில் வைக்கின்றன. ஒழுங்காக அமைத்தால் அது போதும். ஆனால் எஸ்பிஎஃப் பதிவை, அதாவது உங்கள் பெயரில் மடல் அனுப்ப எந்த சர்வருக்கு அனுமதி என்று சொல்லும் வரியை, பாருங்கள். சர்வர் மாறும்போது பழைய வரியை நீக்காமல் புதிய வரியையும் சேர்த்துவிடுவார்கள். ‘வி=எஸ்பிஎஃப்1’ என்று தொடங்கும் பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும்; இரண்டு இருந்தால் சோதனையே பிழையில் முடியும்.

முதுநகர் மூத்தோன்:
நாளொன்றுக்கு 5000 மடல்கள் அனுப்புவோருக்குத்தான் கூகுள் அந்தக் கெடுபிடிகளை வைத்திருக்கிறது. முந்திரி அலுவலகத்திற்கு அது எதற்கு?

நெல்லிக்குப்பம்:
அது பாதி உண்மைதான். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் பெட்டிகளுக்கு அனுப்பும் எவரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் (மடலில் இடப்படும் டிஜிட்டல் கையொப்பம்), இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். 5000ஐத் தாண்டுவோருக்கு அவை இரண்டும் வேண்டும், டிமார்க்கும் (அந்தச் சோதனைகளில் தவறும் மடலை என்ன செய்வது என்று சொல்லும் பதிவு) வேண்டும். வெளிநாட்டில் வாங்குபவர்களுக்கு விலைப்பட்டியல் அனுப்புகிறவர் இதை விட்டுவிடக் கூடாது.

லாஸ்பேட்டை:
இருவரும் பேசுவது வெளியே போகும் மடலைப் பற்றி. கேட்டவருடைய சிக்கலோ உள்ளே வராத மடல். எனினும் நெல்லிக்குப்பம் சொன்னது பயனுள்ளது. புதிய சர்வரில் டிகேஐஎம் சாவியும் புதிதாக இருக்கும். நேம்சர்வரும் அதே நிறுவனத்துடையதாக இருந்தால், சிபேனலின் ‘ஈமெயில் டெலிவரபிலிட்டி’ பக்கம் எது குறைகிறது என்று காட்டும், அங்கேயே சரிசெய்தும் கொள்ளலாம். ஆடிட்டரின் கணக்கு கைக்கு வந்த பிறகு செய்தால் போதும்.

பண்ருட்டி முந்திரி:
பழைய பெட்டியில் ஆடிட்டரின் மடல்கள் எல்லாம் இருந்தன. கணக்கை இறக்கிக்கொண்டோம். பழைய சிபேனலின் கடவுச்சொல் கிடைக்கவில்லை, ஆகவே நிறுவனத்திற்கு எழுதியிருக்கிறோம். பாகூர் ஐயாவுக்கு மிக்க நன்றி.

பாகூர்:
மகிழ்ச்சி. அவர்கள் ஹோஸ்டிங் கணக்கை நீக்கினால் பெட்டிகளும் உடன் போய்விடும். அதற்கு முன் மீதமுள்ள மடல்களையும் எடுத்துவிடுங்கள். தண்டர்பேர்ட் மின்னஞ்சல் செயலியில் பழையது, புதியது இரண்டையும் ஐமேப் (மடலை சர்வரிலேயே வைத்துப் படிப்பது) முறையில், 993 போர்ட்டில் சேர்த்துக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுக்கலாம். அதே சர்வரில் உங்களுக்கு எழுதும் வாடிக்கையாளர்கள் வேறு யாரேனும் இருந்தால் அவர்களுடைய மடல்களும் அங்கேதான் கிடக்கும். எல்லாப் பெட்டிகளையும் திறந்து பார்த்தீர்களா?

லாஸ்பேட்டை:
நிறுவனம் நீக்கிவிட்டதாகப் பதில் எழுதியதும், ஆடிட்டரை ஒரு சோதனை மடல் அனுப்பச் சொல்லி டிராக் டெலிவரியில் வருகிறதா என்று பார்த்து இங்கே தெரிவியுங்கள். அதுவரை நாள்தோறும் பழைய பெட்டியையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.