பெருவிரல் வீங்கினால் நெஞ்சையும் பாருங்கள்: அனுபவப் பகிர்வு

நல்லூரிலிருந்து (திரியைத் தொடங்கியவர்):

எங்கள் வீட்டில் யூரிக் அமிலம் என்றாலே கால் பெருவிரல் மட்டும்தான். அப்பாவுக்கு இடைக்கிடை விரல் சிவந்து வீங்கும். போர்வை பட்டாலும் துடிப்பார். ஒரு கிழமையில் ஆறிவிடும், எல்லோரும் மறந்துவிடுவோம். போன மாரி காலத்திலும் அப்படித்தான் ஆறியது. அவர் பழையபடி சைக்கிளில் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்வரத் தொடங்கியிருந்தார். கொஞ்ச நாளில் ஒரு விடியற்காலை நெஞ்சை அடைக்கிறது என்றார். வியர்த்துக் கொட்டியது. உடனே போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினோம். மாரடைப்பு. நேரத்துக்குப் போனதால் காப்பாற்றிவிட்டார்கள்.

விடுதியில் நின்ற டொக்டர் கேட்ட கேள்விகளில் ஒன்று, "ஐயாவுக்குக் கிட்டடியில் கௌட் வந்ததா?" என்பது. யூரிக் அமிலத்தால் மூட்டு வீங்கும் இந்த வருத்தத்தைத்தான் கௌட் என்கிறார்கள். நெஞ்சு நோவுக்கும் கால் விரலுக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கவில்லை. அவர் நின்று பொறுமையாகச் சொன்னார். இங்கிலாந்தில் கௌட் நோயாளிகள் 62,000 பேருக்கு மேல் எடுத்து, அவர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2022 இல் வெளியிட்டிருக்கிறார்கள். மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு, அதற்கு முந்தைய 60 நாட்களுக்குள் கௌட் வீக்கம் வந்திருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்ததாம். மூட்டில் தொடங்கும் அழற்சி அங்கேயே நிற்பதில்லை, இரத்தத்தோடு உடம்பு முழுக்கப் பரவுகிறது. இதயக் குழாயில் ஏற்கனவே கொழுப்புப் படிவு இருந்தால் அது வெடித்து அடைப்பதற்கு இது வழி செய்யலாம் என்று நினைக்கிறார்கள்.

அப்பாவுக்கு இதுதான் காரணம் என்று ஒருவரும் அடித்துச் சொல்லவில்லை. பிறசரும் சீனி வருத்தமும் அவருக்கு முதலே உண்டு. ஆனால் கௌட் வந்து ஆறிய பிறகு வரும் இரண்டு மாதங்கள் கவனமாக இருக்க வேண்டிய காலம் என்று எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் வீடுகளிலும் நடந்ததைச் சொல்லுங்கள்.

பாசையூரிலிருந்து:

அண்ணை, ஐயா தேறி வந்தது பெரிய ஆறுதல். எங்கள் வீட்டில் தொழிலே கடல்தான். எனக்கு யூரிக் அமிலம் 9 க்கு மேல் என்று வந்தவுடன் ஊரெல்லாம் வைத்தியம் சொல்லத் தொடங்கிவிட்டது. மீனை விடு, பருப்பை விடு, கீரையை விடு. மிஞ்சியது வெறும் சோறு.

கிளினிக்கில் உணவு ஆலோசனை சொல்கிற அம்மா வேறு மாதிரிக் கதைத்தார். இரத்தத்தில் இது 6.8 அளவில் நிறைந்துவிடும், அதற்கு மேல் போனால் ஆனையிறவு உப்பளத்தில் உப்பு விளைகிற மாதிரி மூட்டில் படிகமாக விளையும் என்றார். அமெரிக்காவில் 47,000 ஆண்களை 12 வருடம் கவனித்து 2004 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றையும் சொன்னார். இறைச்சியும் கடலுணவும் கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்குக் கௌட் கூடியது. பருப்பு, பசளி மாதிரி மரக்கறிகளால் கூடவில்லை. பாலும் தயிரும் எடுத்தவர்களுக்குக் குறைந்தது. ஆகப் பருப்பும் கீரையும் திரும்ப எங்கள் சட்டிக்கு வந்தன.

மீனை அடியோடு விடச் சொல்லவில்லை. இதயத்துக்கு மீன் நல்லது. ஆனால் சூடை, நெத்தலி, மட்டி, இறால், ஆட்டு ஈரல் இவற்றைக் குறைக்கச் சொன்னார். கூழ்தான் எனக்குப் பெரிய கஷ்டம். நண்டும் இறாலும் கணவாயும் ஒன்றாய் விழுகிற சட்டி, பக்கத்தில் கள்ளும் இருந்தால் கேட்கவே வேண்டாம். கள்ளை நிறுத்திவிட்டேன். சோடாவையும் நிறுத்தச் சொன்னார், அதில் இருக்கிற சீனியும் யூரிக் அமிலத்தைக் கூட்டுமாம். இது எனக்குப் புதுச் செய்தி. வெயிலில் வலை இழுக்கிற நாங்கள் தண்ணீரை விட்டுச் சோடாவைத்தான் குடிக்கிறோம்!

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். சாப்பாட்டைத் திருத்தியும் எனக்குக் கொஞ்சம்தான் குறைந்தது. யூரிக் அமிலத்தின் பெரும் பங்கை உடம்பே உண்டாக்குகிறது, சிறுநீரகம்தான் அதை வெளியேற்ற வேண்டும். இப்போது அலோபியூரினோல் குளிசையும் எடுக்கிறேன். அதைச் சின்ன அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டினார்கள். தோலில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஓடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

சுன்னாகத்திலிருந்து:

அம்மாவுக்குப் பிறசருக்காக ஹைட்ரோகுளோரோதயசைட் கொடுத்திருந்தார்கள், சிறுநீரைக் கூடப் போக வைக்கிற குளிசை. அதுவே யூரிக் அமிலத்தைக் கூட்டும் என்று பிறகுதான் தெரிந்தது. டொக்டர் அதை மாற்றி லொசார்டன் தந்தார். அது பிறசரையும் பார்க்கும், யூரிக் அமிலத்தையும் கொஞ்சம் இறக்கும். இதயத்துக்காக எடுக்கிற சின்ன அஸ்பிரினும் யூரிக் அமிலத்தை ஏற்றும், ஆனால் அதை நிறுத்தவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். வீட்டில் நீங்களாக ஒன்றையும் நிறுத்திவிடாதீர்கள்.

மானிப்பாயிலிருந்து:

நான் பார்மசியில் வேலை செய்கிறேன். நொண்டிக்கொண்டு வந்து "தம்பி, ரெண்டு டைக்லோஃபெனாக் தா" என்று கேட்கிறவர்களை ஒவ்வொரு கிழமையும் பார்க்கிறேன். நோவு உடனே அடங்கும் என்பது உண்மை. ஆனால் அது பிறசரைக் கூட்டும், சிறுநீரகத்தைப் பாதிக்கும், மாரடைப்பு வரும் வாய்ப்பையும் கூட்டும். கௌட் வந்த கிழமையே இதயத்துக்கு நல்ல கிழமை இல்லை என்று அண்ணை மேலே எழுதியிருக்கிறார். இதய வருத்தம் உள்ளவர்கள் அதே கிழமையில் இந்தக் குளிசையைச் சும்மா வாங்கிப் போடுவதைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. கிளினிக் கொப்பியைக் காட்டாதவருக்கு நான் கொடுப்பதில்லை. சிலர் கோபித்துக்கொண்டு போகிறார்கள், போகட்டும்.

கௌட்டுக்குக் கொடுக்கிற இன்னொரு மருந்து கொல்சிசின். எங்கள் வேலிகளில் படரும் கார்த்திகைப் பூச்செடியில் இருப்பதும் இதே கொல்சிசின்தான். அதற்காகக் கிழங்கைத் தொட்டுவிடாதீர்கள், அது ஆளைக் கொல்லும் நஞ்சு. அளவாகச் செய்த குளிசை வேறு. மாரடைப்பு வந்தவர்களுக்குத் தினமும் 0.5 மில்லிகிராம் கொடுத்த 2019 ஆய்வில் அடுத்த இதயச் சிக்கல்கள் குறைந்தன. அமெரிக்காவில் 2023 இல் இதய நோய்க்கென்றே அனுமதியும் கிடைத்தது. ஆனால் 2024 இல் வந்த பெரிய ஆய்வு ஒன்றில் அப்படிப் பலன் தெரியவில்லை. எனவே இதய டொக்டர் எழுதித் தந்தால் மட்டும் எடுங்கள். சிறுநீரகம் பழுதானவர்கள் அதிலும் கவனமாக இருக்க வேண்டும்.

அலோபியூரினோல் மாதிரி யூரிக் அமிலத்தைக் குறைக்கிற ஃபெபுக்சோஸ்டாட் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். அலோபியூரினோல் எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், இதை எடுத்தவர்களில் இதய நோயால் இறந்தவர்கள் கூட என்று 2018 இல் ஒரு ஆய்வு சொன்னது. 2020 இல் ஐரோப்பாவில் நடந்த ஆய்வில் அந்த வித்தியாசம் வரவில்லை. ஏற்கனவே மாரடைப்பு வந்தவர் என்றால் அதை டொக்டரிடம் மறக்காமல் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

கொக்குவில், இப்போது டொரண்டோவிலிருந்து:

எனக்குக் கௌட் வந்ததே இல்லை. வழக்கமான பரிசோதனையில் யூரிக் அமிலம் 480 என்று வந்து பயந்துபோனேன். இங்கே அளவு முறை வேறு, அது உங்கள் கணக்கில் 8 அளவில் வரும். அப்பாவும் சித்தப்பாவும் மாரடைப்பில் போனவர்கள் என்பதால் குளிசை தரும்படி டொக்டரைக் கேட்டேன். தர மாட்டேன் என்றுவிட்டார். முதலில் கோபம்தான் வந்தது.

அவர் சொன்ன காரணம் இது. யூரிக் அமிலம் கூடியவர்களுக்கு இதய நோயும் கூடுதலாக வருகிறது, அது உண்மை. ஆனால் அதைக் குறைத்தால் இதயம் காப்பாற்றப்படுமா என்பது வேறு கேள்வி. பிரித்தானியாவில் இதய நோய் உள்ள, கௌட் இல்லாத, 60 வயதைத் தாண்டிய 5700 க்கு மேற்பட்டவர்களை எடுத்து, பாதிப் பேருக்கு அலோபியூரினோல் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2022 இல் வந்த முடிவின்படி மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் வித்தியாசமே இல்லை. பிறகு அவர் என் பிறசர், கொலஸ்ட்ரோல், சீனி, சிறுநீரகம் எல்லாம் பார்த்தார். பிறசர் 150 க்கு மேல் நின்றது. எனக்கு அது தெரியவே தெரியாது. இப்போது அதற்குத்தான் குளிசை எடுக்கிறேன், வயிற்றையும் குறைக்கிறேன்.

நல்லூரிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. டொரண்டோத் தம்பி எழுதியதைத்தான் எங்கள் டொக்டரும் வேறு சொற்களில் சொன்னார். கௌட் இல்லாத எனக்குக் குளிசை வேண்டாமாம், பிறசரைப் பார்த்துக்கொள்ளட்டாம். அப்பாவுக்குக் கௌட் இருப்பதால் யூரிக் அமிலத்தை 6 க்குக் கீழே கொண்டுவந்து அங்கேயே வைத்திருக்க வேண்டுமாம், அடுத்த வீக்கம் வராமல் இருப்பதற்காக.

தனிச்செய்தியில் ஒரு தங்கச்சி கேட்டிருந்தார், விரல் வீங்கியிருந்தபோது எடுத்த பரிசோதனையில் தன் கணவருக்கு 5.9 தான், அப்படியென்றால் கௌட் இல்லையா என்று. அப்பாவுக்கும் வீக்கம் இருந்தபோது அளவு சாதாரணமாகத்தான் காட்டியது. வீக்கத்தின் நடுவில் அது இறங்கி நிற்பதுண்டு. ஆறி இரண்டு கிழமைக்குப் பிறகு திரும்ப இரத்தம் கொடுத்துப் பாருங்கள், அதே நாளில் பிறசரையும் அளந்துகொண்டு வாருங்கள்.