31 நாள்தான் ஆகியிருந்தது, ஆனாலும் டோவரில் திருப்பிவிட்டார்கள்

லண்டனில் இருந்து பதினைந்து வருடமாகக் கலியாண வீடியோ எடுக்கிறேன். பாதி வேலை பாரிஸ், சூரிச் பக்கம்தான். முன்பு வெள்ளி இரவு வேனில் கேமராவை ஏற்றினால், விடியும்போது பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பலில் தேநீர் குடிக்கலாம். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதால், 2021 ஜனவரியோடு அது முடிந்தது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு இப்போது ஷெங்கன் நாடுகளில், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளில், 180 நாளுக்குள் 90 நாள்தான்.

2022 கோடை. பிரெஞ்சு எல்லைப் போலீஸ் இங்கிலாந்துத் துறைமுகமான டோவரிலேயே நிற்பார்கள். அந்த அதிகாரி ஒவ்வொரு முத்திரையாக விரல் வைத்து எண்ணினார். 31 நாள். எனக்குப் பயமே இல்லை. அப்புறம் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். மூன்று கேமரா, இரண்டு பெட்டி விளக்கு.

“சொந்தக்காரர் கலியாணமா?”

“இல்லை, வேலை.” பொய் சொல்ல மனம் வரவில்லை.

யார் காசு தருகிறார்கள், கடிதம் எங்கே என்றார். என்னிடம் ஒன்றும் இல்லை. துறைமுகத்தில் நின்றபடியே பெண்ணின் அப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் ஏசவில்லை. “தம்பி, பத்து மணிக்குத் தாலிகட்டு. அதுக்கு முந்தி ஆரையாவது பிடிச்சுத் தாங்கோ” என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் நிற்கிறது. பாரிஸில் தெரிந்த ஒரு பையன் போய் எடுத்தான். முழுக் காசும் அவனுக்கே.

அதற்குப் பிறகுதான் விளங்கியது: 90 நாள் என்பது தங்குவதற்கான கணக்கு. வேலை செய்யலாமா என்பதை ஒவ்வொரு நாடும் தனித்தனியாக முடிவு செய்கிறது. கூட்டம், மாநாடு என்றால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. கச்சேரிக்குப் போகும் கலைஞர்களுக்குப் பிரான்ஸ் 90 நாள் வரை வேலை அனுமதி கேட்பதில்லை, ஆனால் அதே தவில்காரர் ஜெர்மனிக்குப் போனால் அங்கே வேறு சட்டம். சுவிஸில் எங்களைப் போன்றவர்கள் முன்கூட்டியே இணையத்தில் பதிந்துவிட்டு, வருடத்தில் 90 நாள் வரை வேலை செய்யலாம்.

கருவிகளுக்குக் கார்னே எடுக்கிறேன், அதாவது வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதற்கான சுங்க ஆவணம். ஒவ்வொரு லென்ஸின் எண்ணும் அதில் ஏற வேண்டும். போகும்போதும் வரும்போதும் சுங்க முத்திரை வேண்டும். நாள் கணக்கில் ஏமாறாதீர்கள், இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் சேரும். வெள்ளி போய்த் திங்கள் திரும்பினால் 4 நாள். 2025 அக்டோபரிலிருந்து கைரேகையோடு கணினியே எண்ணத் தொடங்கிவிட்டது.

இப்போது யாராவது கலியாணத் தேதி சொன்னால், மண்டபம் எந்த நாட்டில் என்றுதான் முதலில் கேட்கிறேன்.