கல்லீரல், கணையப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்கு எந்தப் பயிற்சி வழி நல்லது?

குழுவில் உள்ள சீனியர்களுக்கு வணக்கம். பொது அறுவை சிகிச்சை மேற்படிப்பில் கடைசி வருடம். அடுத்து கல்லீரல், கணையப் புற்றுநோய்ப் பக்கம்தான் என்று முடிவாகிவிட்டது. எந்த வழியாகப் போவது என்பதில்தான் குழப்பம்.

புற்றுநோய் அறுவை சிகிச்சை படித்துவிட்டு இதில் நுழைவதா, கல்லீரல் மாற்று சிகிச்சையோடு சேர்ந்த பயிற்சிக்குப் போவதா? முதல் வழியில், கீமோ முதலில் கொடுப்பதா, கத்தியை எடுப்பதா என்ற கணக்கு பிடிபடும். இரண்டாவதில் ரத்தக்குழாயைத் தைக்கக் கை பழகும். கட்டி, குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் வெயினை ஒட்டியிருந்தால் அந்தப் பழக்கம்தானே கைகொடுக்கும்? என் மனசு இரண்டாவது பக்கம்தான் சாய்கிறது.

கணையத்தின் தலைப்பகுதியை, ஒட்டியுள்ள முன்சிறுகுடலோடு எடுக்கும் விப்பிள் அறுவையில் உதவிக்கு நின்றிருக்கிறேன். கட்டியை எடுப்பதைவிட, மிச்சக் கணையத்தைக் குடலோடு இணைக்கும் இடம்தான் பயமாக இருக்கிறது. கணையம் மிருதுவாக, குழாய் மெல்லியதாக இருந்தால், முடிச்சைக் கொஞ்சம் இறுக்கினாலே நூல் வெண்ணெயில் போவது போல அறுத்துக்கொண்டு போகிறது. அப்புறம் கசிவு, சீழ், ரத்தப்போக்கு என்று எதுவும் வரலாம். இந்தத் தையலை எதை வைத்துப் பழகினீர்கள்?

இன்னொன்று. பிரெஞ்சு அறுவை மருத்துவர் கூயினோ பிரித்துக் காட்டிய கல்லீரலின் 8 பகுதிகளும் படத்தில் புரிகின்றன. அறுவையின்போது அல்ட்ராசவுண்டில் பார்த்தால் திணறுகிறேன். இதை இப்போதே பழகலாமா?

பயிற்சி மையத்தில் எத்தனை கேஸ் நடக்கிறது என்பதைவிட, நம் கையில் எவ்வளவு கொடுப்பார்கள் என்பதுதான் முக்கியம் என்கிறார்கள். சரி, அதை நேர்முகத்தில் எப்படிக் கேட்பது?