வேலி வெட்ட ஆள் வருவதற்குள்

தீபா: எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவில் வீட்டுப் பின்பக்கத் தோட்டத்தைச் சுத்தம் செய்ய ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார். முன்னால் இருந்தவர்கள் என்னென்னவோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், எதை வெட்டச் சொல்வது எதை விடச் சொல்வது என்றே புரியவில்லை. ஒவ்வொன்றாகப் படம் போடுகிறேன், பேர் சொல்லுங்கள்.

தீபா: (படம்) முதலில் இந்த வெள்ளைப் பூ.

சேகர் மாமா: மல்லி மாதிரி இருக்கே.

கார்த்தி: செடி பேர் சொல்கிற பிளான்ட்நெட் ஆப்பில் போட்டுப் பார்த்தேன் அக்கா. நந்தியாவட்டை, வெள்ளை அரளி, நித்தியகல்யாணி மூன்றையும் காட்டுகிறது.

வள்ளி பெரியம்மா: படத்தில் பூவைத் தவிர வேறு ஒன்றும் இல்லையே, ஆப் என்ன செய்யும்? மேலே இருந்து பார்த்தால் ஐந்து இதழ் வெள்ளைப் பூ பாதிக்குப் பாதி ஒன்று போலத்தான் தெரியும். தீபா, இலை காம்பில் சேருகிற இடம் தெரிய ஒன்று, பூவைப் பக்கவாட்டில் ஒன்று, செடி முழுசாக ஒன்று எடு. பூ பக்கத்தில் உன் விரலை வைத்துக்கொள், அளவு தெரிந்துவிடும்.

தீபா: எடுக்கிறேன் பெரியம்மா. ஆனால் வெயிலில் பூ வெறும் வெள்ளைத் திட்டாக விழுகிறது, இதழே பிரிந்து தெரியவில்லை.

கார்த்தி: திரையில் பூ மேல் விரலால் தொடு, பக்கத்தில் ஒரு சூரியன் குறி வரும், அதைக் கீழே இழு, வெளிச்சம் குறையும். உச்சி வெயிலில் வெள்ளைப் பூ எடுக்கவே எடுக்காதே, காலை ஏழு மணி வாக்கில் எடு, இல்லையென்றால் மேகம் மூடும்போது எடு. அப்புறம் போர்ட்ரெய்ட் மோட் வேண்டாம், அது பின்னால் இருக்கிற இலையை மங்கலாக்கிவிடும், நமக்கு வேண்டியதே இலைதான். அனுப்பும்போது ஹெச்.டி. தேர்ந்தெடு, சும்மா அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடுகிறது.

தீபா: (4 படங்கள்) இப்போது?

வள்ளி பெரியம்மா: இது போதும். இலை எதிரெதிராகப் பளபளவென்று இருக்கிறது, இதழ் ஒவ்வொன்றும் காற்றாடி மாதிரி ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கிறது. ஒரு இலையைக் கிள்ளிப் பார், பால் வருகிறதா? கண்ணில் படாமல் பார்த்துக்கொள்.

தீபா: வருகிறது, நல்ல வெள்ளைப் பால்.

வள்ளி பெரியம்மா: கையைக் கழுவிக்கொள். நந்தியாவட்டைதான். மல்லியில் பால் வராது சேகர். அரளி என்றால் இலை ஒடுங்கி நீளமாக, கணுவுக்கு மூன்று மூன்றாக இருக்கும். நித்தியகல்யாணி இவ்வளவு உயரம் வளராது. உன் செடி ஆள் உயரம் நிற்கிறது, அதை வெட்டச் சொல்லாதே, வருஷம் முழுக்கப் பூக்கும்.

சேகர் மாமா: சரி அக்கா, பால் வராது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்கிறேன்.

தீபா: (3 படங்கள்) அடுத்தது கிணற்றடியில் படர்ந்திருக்கிறது. ஒரு காம்பில் ஏழு ஒன்பது என்று சின்னச் சின்ன இலை. மொட்டின் வெளிப்பக்கம் மட்டும் ரோஸ் நிறம், விரிந்தால் வெள்ளை.

சேகர் மாமா: இதை நான் சொல்வேன், பிச்சி! தோவாளைச் சந்தையில் குவித்து வைத்திருப்பார்களே அதே பூ. மதுரைப் பக்கம் ஜாதிமல்லி என்பார்கள். அதில் கை வைத்தால் எனக்குக் கோபம் வரும் தீபா.

வள்ளி பெரியம்மா: அவன் சொல்வது சரி. கூட்டிலை, ரோஸ் மொட்டு, இந்த இரண்டும் போதும். காய்ந்த கிளையை மட்டும் கழிக்கச் சொல், வேரோடு பிடுங்கிவிடப் போகிறார்.

தீபா: (படம்) கடைசியாக வேலிக் கம்பியில் ஒரு கொடி. பூ இல்லை, பச்சையாக நாலைந்து மொட்டு தலைகீழாகத் தொங்குகிறது. களைதானே, எடுத்துவிடச் சொல்லவா?

வள்ளி பெரியம்மா: பொறு பொறு. இலை நுனியை மட்டும் எடுத்து அனுப்பு. ரொம்ப ஒட்டிப் போகாதே, படம் மங்கிவிடும், ஒரு அடி தள்ளி நின்று ஸூம் செய். காற்று அடித்தால் இன்னொரு கையால் தண்டைப் பிடித்துக்கொள்.

தீபா: (படம்)

கார்த்தி: இலை நுனியே சுருண்டு கம்பியைப் பிடித்திருக்கிறதே! தனியாகப் பற்றுக்கம்பி எதுவும் இல்லை.

வள்ளி பெரியம்மா: அதைத்தான் பார்க்க நினைத்தேன். செங்காந்தள் தீபா, நம் மாநிலப் பூ, அதை நீ களை என்கிறாய்! மொட்டு விரியும்போது இதழ் பச்சை, அப்புறம் மஞ்சள், நுனியில் இருந்து சிவப்பு இறங்கி, கடைசியில் முழுச் சிவப்பாகிவிடும். அதனால்தான் வேறு வேறு நாள் எடுத்த படத்தைப் பார்த்தால் வேறு வேறு பூ என்று தோன்றும். நடுவில் சூல்தண்டு மட்டும் பக்கவாட்டில் மடங்கி நீட்டிக்கொண்டிருக்கும், பூத்ததும் அதைக் கிட்டத்தில் எடு, அவ்வளவு அழகு.

வள்ளி பெரியம்மா: ஆனால் ஒன்று. கண்வலிக்கிழங்கு என்பது இதுதான். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காக வயலிலேயே போடுகிறார்கள், அதில் இருக்கும் கால்ச்சிசின் என்கிற பொருள் மருந்துக்குப் போகிறது. செடி முழுக்க விஷம், கிழங்கும் விதையும் ரொம்ப மோசம். பாப்பாவுக்கு இரண்டு வயதுதானே, எட்டுகிற இடமா?

தீபா: இல்லை பெரியம்மா, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற வேலி, நடுவில் பூட்டிய கதவு இருக்கிறது.

வள்ளி பெரியம்மா: அப்படியென்றால் இருக்கட்டும். அங்கே மட்டும் மண்வெட்டி போட வேண்டாம் என்று சொல்லிவிடு, கிழங்கு வெட்டுப்பட்டு வெளியே கிடந்தால் ஆபத்து. அவரையும் வெறுங்கையால் தொடாமல் உறை போட்டுக்கொள்ளச் சொல்.

கார்த்தி: அக்கா, மொட்டு விரியத் தொடங்கினதும் ஒரே பூவைத் தினமும் ஒரே இடத்தில் நின்று எடு. வரிசையாக வைத்தால் நிறம் ஏறுவது தெரியும், எனக்கு அது வேண்டும்.

தீபா: எடுக்கிறேன். விடவேண்டியதில் எல்லாம் சிவப்புத் துணி கட்டிவிட்டேன், அந்த ஆளுக்கும் போனில் சொல்லியாச்சு. வேலிப் பக்கம் அவர் வேலை செய்யும்போது நானும் கூட நிற்கிறேன்.

சேகர் மாமா: பிச்சிக்கு இரண்டு துணியாகக் கட்டு.